கட்டமும் வட்டமும்

அண்ணன் கல்லீரல் புற்றுநோயில் போனபோது வயது 41. ஒரு சொட்டு குடித்ததில்லை. காரியத்துக்கு வந்தவர்களோ, "யாருக்கும் தெரியாம குடிச்சிருப்பான்" என்று முற்றத்திலேயே பேசிக்கொண்டார்கள். ரத்ததானம் செய்யப் போனபோதே, ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி இருப்பது அவனுக்குத் தெரியும். "வெறும் கேரியர்தான், கிருமி உடம்பில் சும்மா இருக்கு, ஒன்றும் வேண்டாம்" என்று யாரோ சொல்ல, அதோடு விட்டுவிட்டான்.

அடுத்த மாதமே அம்மா, அக்கா, நான் மூவரும் பரிசோதித்தோம். மூவருக்கும் பாசிட்டிவ்.

கல்லீரல் டாக்டர் என் ரிப்போர்ட்டைத் தொடவில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் என்று எங்கள் குடும்பத்தையே வரைந்தார். அண்ணனின் கட்டத்தில் மட்டும் குறுக்கே ஒரு கோடு.

"பரம்பரை வியாதியா சார்?"

"கிருமி பரம்பரை இல்லை. பிரசவத்தில் அம்மாகிட்டருந்து வந்திருக்கும். ஆனா ஒரே கிருமியை ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி தாங்குது. அதுல பரம்பரைக்கும் பங்கு உண்டு."

அண்ணனுக்கு ஈரல் சுருங்கவே இல்லையே, எப்படிப் புற்று வந்தது? இந்தக் கிருமி தன் டிஎன்ஏவை ஈரல் செல்லின் டிஎன்ஏவுக்குள்ளேயே செருகிவிடக்கூடியதாம். அதனால் சிரோசிஸ் வராமலேயே சிலருக்குப் புற்று வந்துவிடுகிறது.

சரி, ஜீன் டெஸ்ட் எடுத்துவிடுவோம் என்று விலைகூட விசாரித்து வைத்திருந்தேன். டாக்டர் வேண்டாமென்றார். பல ஜீன்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து செய்கிற வேலை இது. எனக்கு வருமா வராதா என்று எந்த டெஸ்டும் சொல்லாது, அந்தக் குறுக்குக் கோடே போதும் என்றார். இந்தக் கிருமி உள்ள ஆசிய ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 வயதில் தொடங்கும் கண்காணிப்பு, அந்தக் கோட்டால் எனக்கு 34லேயே தொடங்கியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட், கூடவே ஈரல் புற்றுக்கான ஏஎஃப்பி ரத்தப் பரிசோதனை.

ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் ஃபைப்ரோஸ்கேன் வலிக்கவில்லை. விலா எலும்புகளுக்கு நடுவே யாரோ விரலால் சுண்டுவது போல டொக் டொக் என்று பத்துத் தடவை, அவ்வளவுதான். வைரஸ் அளவுதான் மிக அதிகம். அதைக் குறைக்க தினம் ஒரு டெனோஃபோவிர் மாத்திரை. தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கிறது. பெரியம்மா கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்தார். மனம் நோகாமல் வாங்கி வைத்தேன், மாத்திரையை நிறுத்தவில்லை. மனைவிக்கு நெகட்டிவ், மூன்று தடுப்பூசியும் போட்டாயிற்று.

அம்மாவுக்கு 65 வயது, வைரஸ் மிகக் குறைவு, மாத்திரையே தேவைப்படவில்லை. "எனக்கு ஒண்ணுமில்ல, அவனுக்கு மட்டும் ஏன்?" என்று ஒவ்வொரு ஸ்கேனுக்கும் வெறும் வயிற்றோடு காத்திருக்கும்போது கேட்கிறார்.

போன வாரம் எனக்கு ஐந்தாவது ஸ்கேன். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றவர், வலது விலாவுக்கடியில் ஒரே இடத்தில் வெகுநேரம் நிறுத்தினார். வெறும் வாயுவாம். அக்காதான் இரண்டு தவணையாக வரவில்லை. இந்த ஞாயிறு நேரில் போய்க் கூப்பிட வேண்டும்.