அம்மாவின் ஷிப்ட்

ஓசூரில் எனக்கு எட்டு மணி நேர ஷிப்ட். அடுத்த ஆள் வந்து, மெஷின் எப்படி ஓடுகிறது என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் கிளம்புவேன்.

நேற்று ராத்திரி போச்சம்பள்ளி வீட்டில் அம்மா கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தார். இறக்கி வைத்த பாத்திரத்தைக் காலால் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் துடுப்பை அழுத்திச் சுற்றும்போது மணிக்கட்டு நடுங்கியது. நாற்பது வருடமாக இவரை மாற்றிவிட ஒரு ஆள் வந்ததில்லை. பெங்களூரா ரக மாங்காய், பழக்கூழ் ஆலைக்குப் போகும் ஜூன் மாதத்தில், பகலெல்லாம் தோப்பில் நின்றுவிட்டு வந்தும் இதைச் செய்தவர்.

துடுப்பை வாங்கினேன்.

"கட்டி தட்டிடும், விடுடா."

விடவில்லை. சரி என்று பக்கத்தில் உட்கார்ந்து, மாவு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, எப்போது இறக்குவது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். ஞாயிறு ராத்திரி இனி என் ஷிப்ட்.