வீட்டுத் தோட்டத்தில் ஒரு வானிலைக் கூடம்: ஓய்வுக்குப் பின் செய்து பார்த்த அனுபவம்

வானிலைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவரைக் கண்டால் எல்லோரும் முதலில் கேட்பது "இன்றைக்கு மழை வருமா?" என்றுதான். ரேடார், செயற்கைக்கோள் படம், கணினி மாதிரிகள், கலந்து பேசச் சக அலுவலர்கள் என எதுவும் அருகில் இல்லாத நிலையில் நான் சொல்லும் பதிலுக்கு, பணியில் இருப்பவர்கள் வெளியிடும் அறிவிப்பைவிடக் கூடுதல் மதிப்பு ஏதும் கிடையாது. எனவே முன்னறிவிப்புச் சொல்லும் வேலையை அவர்களிடமே விட்டுவிட்டு, அந்த முன்னறிவிப்பைச் சரியாகப் படிப்பதற்கு வேண்டிய அளவீடுகளை அக்கம்பக்கத்தார் தாங்களே எடுத்துப் பழக முடியுமா என்று பார்ப்பதை என் பொழுதுபோக்காக வைத்துக்கொண்டேன். இதுவரை செய்து பார்த்தவற்றையும், அவை எந்த அளவுக்குப் பயன் தந்தன என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

தொடக்கம் மழைமானி. வீட்டில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு செய்து, வீட்டுத் தராசைக் கொண்டே சரிபார்க்கக்கூடிய வானிலைக் கருவி அது. பக்கச்சுவர் நேராக உள்ள பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றின் மேல்பகுதியை அறுத்து, அதைத் தலைகீழாகத் திருப்பி உள்ளே செருகினால் புனல் கிடைத்துவிடுகிறது. பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருப்பதால், கூழாங்கற்களைப் போட்டுச் சுவர் சீராகத் தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். கூழாங்கற்களால் பாட்டில் காற்றில் சாய்வதும் குறைகிறது. இந்த அமைப்பில் ஒரு மில்லிமீட்டர் வரை நம்பிப் படிக்கலாம். தூறலை அளக்க இது போதாது.

அதனால் அடுத்ததாக 20 செ.மீ. விட்டமுள்ள புனல் ஒன்றின்கீழ்க் குறுகிய வாயுள்ள பாத்திரத்தை வைத்து, சேர்ந்த நீரை எடை போட்டுப் பார்த்தேன். அந்தப் புனல் வாயின் பரப்பு 314 சதுர செ.மீ. என்பதால், 31.4 கிராம் நீர் சேர்ந்தால் பெய்த மழை 1 மி.மீ. கணக்கு இவ்வளவுதான் என்றாலும், அதைக் கேட்கும் பலருக்கு மில்லிமீட்டர் என்ற நீள அளவில் மழையை ஏன் சொல்ல வேண்டும் என்பது அப்போதுதான் புரியத் தொடங்குகிறது. பெய்த நீர் ஓடாமலும் ஊறாமலும் ஆவியாகாமலும் தரையில் அப்படியே நின்றால் எவ்வளவு ஆழம் இருக்கும் என்பதே அந்த அளவு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் என்றால் சரியாக ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 40 மி.மீ. மழை பெய்தால் 4,000 லிட்டர் என்று சொன்னதும், அதுவரை சும்மா கேட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

எதிர்வீட்டுச் சிறுமி ஒருத்தி, "தாத்தா, வாய் பெரிதாக இருந்தால் அதிக மழை விழும் அல்லவா?" என்று கேட்டாள். விளக்கம் சொல்வதைவிடச் செய்து காட்டுவது நல்லது என்று, நேர்ச்சுவர் கொண்ட ஒரு பெரிய வாளியையும் ஒரு சிறிய டப்பாவையும் திறந்த வெளியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மழை நின்றதும் அவளே அளவுகோலை இரண்டிலும் செங்குத்தாக இறக்கி ஆழம் பார்த்தாள். வாளியில் தண்ணீர் பல மடங்கு இருந்தது. ஆழம் மட்டும் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. அவள் நம்பாமல் அளவுகோலைத் துடைத்துவிட்டு மறுபடியும் இறக்கிப் பார்த்தாள். பின்னர் புனலின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு பரப்புள்ள குழாயில் அதே நீரைச் சேர்த்து, ஒரு மில்லிமீட்டர் மழை பத்து மில்லிமீட்டர் உயரமாக நிற்பதைக் காட்டியபோது, அந்த விரிவாக்கம் எங்கிருந்து வருகிறது என்பதை எனக்கு முன்னால் அவளே சொல்லிவிட்டாள்.

கருவியைவிட அதை வைக்கும் இடம்தான் அதிகத் தொல்லை கொடுத்தது. சுற்றியுள்ள மரமோ சுவரோ மழைமானியின் விளிம்புக்கு மேல் எவ்வளவு உயரமோ, குறைந்தது அதைப்போல் இரண்டு மடங்கு தொலைவிலாவது மானி இருக்க வேண்டும் என்பது நெடுங்கால விதி. நெருக்கமான குடியிருப்பில் அப்படிப்பட்ட இடம் அரிது. மாடிக்குக் கொண்டுபோனால் காற்று பலமாக வீசி, துளிகளைப் புனலின் வாய்க்கு மேலாகவே அடித்துக்கொண்டு போய்விடுகிறது. அதனால் மழை குறைவாகப் பதிவாகும். எனவே ஒவ்வொரு வீட்டிலும் உள்ள இடங்களில் பரவாயில்லை என்று தோன்றியதைத் தேர்ந்துகொண்டு, சுற்றிலும் என்ன இருக்கிறது என்பதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைக்கச் செய்தேன். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: எல்லோரும் காலையில் ஒரே நேரத்தில்தான் அளக்க வேண்டும், அளந்தது அதற்கு முந்தைய 24 மணி நேரத்தின் மழை என்பதையும் மறக்கக் கூடாது. இந்த நேர ஒழுங்கு இல்லாத குறிப்பேடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது.

ஒப்பிட்டபோது கிடைத்ததுதான் இந்த முயற்சியின் முதல் நல்ல பலன். வெப்பச்சலன மழை (வெயிலில் சூடேறிய காற்று மேலெழுவதால் வரும் மழை) பெய்த நாள்களில், நடந்து போகும் தொலைவில் உள்ள வீடுகளுக்குள்ளேயே அளவுகள் பெரிதும் வேறுபட்டன. "நேற்று இங்கே மழையே இல்லை, முன்னறிவிப்பு பொய்த்துவிட்டது" என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்துத் தெருக்காரர் தம் குறிப்பேட்டைத் திறந்து காட்டினார். இதற்குப் பெரிய அளவில் ஒரு சான்று, 1997 ஜூலை 28 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ் நகரைத் தாக்கிய வெள்ளம். நகரின் மேற்குப் பகுதியில் 350 மி.மீ.க்கும் மேல் கொட்டித் தீர்த்த மழை, அதே நகரின் வேறு பகுதிகளில் அதில் சிறு பங்காகவே இருந்தது. அதன் விளைவாகத்தான் 1998-இல் பொதுமக்களே மழைமானி வைத்து அளக்கும் கோக்கோராஸ் என்ற தன்னார்வ வலையமைப்பு அங்கே தொடங்கியது.

வெப்பநிலைக்கு வருகிறேன். 'வெயிலில் இவ்வளவு டிகிரி' என்று வெப்பமானியைப் படம் பிடித்துக் காட்டுபவர்களுக்காகவே ஒரு செய்முறையை வகுத்தேன். ஒரே மாதிரியான மூன்று வெப்பமானிகளில் ஒன்றை நேர்வெயிலில் அப்படியே தொங்கவிட்டேன். இன்னொன்றின் குமிழைக் கறுப்பு நாடாவால் சுற்றி அதன் அருகில் தொங்கவிட்டேன். மூன்றாவதை, நடுவில் துளையிட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகளை இடைவெளிவிட்டு அடுக்கிச் செய்த கூட்டுக்குள் வைத்தேன். நண்பகலில் மூன்றும் மூன்று விதமாகக் காட்டின. காற்று ஒன்றே; வெயிலில் இருந்தவை சூரியக் கதிரை விழுங்கிச் சூடேறிய தம் சொந்த வெப்பநிலையையே காட்டின. மேகமற்ற இரவில் இது தலைகீழாகிறது: வெளியில் தொங்குவது வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து, கூட்டுக்குள் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டுகிறது. இந்த இரண்டாவது பாதியைப் பார்க்க யாரும் இரவில் வருவதில்லை என்பது எனக்குச் சற்று வருத்தம்தான். 19-ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஸ்டீவன்சன் வடிவமைத்த, சாய்ந்த பலகை இடுக்குகள் கொண்ட வெள்ளைப் பெட்டி இன்றும் உலகெங்கும் புழங்குவது இதற்காகவே. அவர் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர்.

கூட்டுக்குள்ளேயே இன்னொரு வெப்பமானியின் குமிழில் ஈரமான பருத்தித் துணியைச் சுற்றி வைத்தபோது ஈரப்பதம் பற்றிய பேச்சு தொடங்கியது. உலர்குமிழ் 30 டிகிரி, ஈரக்குமிழ் 25 டிகிரி என்றால், துணியின்மேல் நன்றாகக் காற்று வீசும் நிலையில், ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பநிலையில் இருக்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பது) சுமார் 67 சதவீதம். பனிப்புள்ளி, அதாவது காற்று குளிரும்போது நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 23 டிகிரி. "ஈரப்பதம் 95 சதவீதம் என்று போட்டிருக்கிறார்களே, மழை நிச்சயம்தானே?" என்ற கேள்விக்கு இங்கேதான் விடை இருக்கிறது. காற்றில் உள்ள நீராவியின் அளவு நாள் முழுவதும் மாறாமல், பனிப்புள்ளி அதே 23-இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் வெப்பநிலை 24-க்கு இறங்கும்போது ஒப்பு ஈரப்பதம் 95-ஐ ஒட்டி இருக்கும். பிற்பகலில் 34-க்கு ஏறும்போது 53-க்கு வந்துவிடும். நீராவி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. புழுக்கத்தை அறிய விரும்புகிறவர்கள் சதவீதத்தைவிடப் பனிப்புள்ளியைப் பார்ப்பதே மேல் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன், இங்கும் சொல்கிறேன். வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் உள்ள வேறுபாட்டை 125-ஆல் பெருக்கினால், பிற்பகலில் எழும் திரள்மேகங்களின் அடிமட்டம் தரையிலிருந்து எத்தனை மீட்டர் என்பது தோராயமாகக் கிடைக்கும். முதலில் சொன்ன எடுத்துக்காட்டில் (வெப்பநிலை 30, பனிப்புள்ளி 23) அது 900 மீட்டரை ஒட்டி வரும். அந்த மேகங்களின் அடி கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருப்பதன் காரணமும், மேலெழும் காற்றின் நீராவி அந்த ஒரே உயரத்தில் துளியாகத் தொடங்குவதே.

காற்றழுத்தத்துக்குத் தனிக் கருவி வாங்கவில்லை. பல கைப்பேசிகளில் அழுத்த உணரி இருக்கிறது. அதைக் காட்டும் செயலி இருந்தால் போதும். தரைத்தளத்திலிருந்து ஒரு மாடி ஏறினால் ஏறத்தாழ 0.3 அல்லது 0.4 ஹெக்டோபாஸ்கல் குறைவதைப் பார்த்துவிடலாம். தரைக்கு அருகில் சுமார் 8 மீட்டருக்கு 1 ஹெக்டோபாஸ்கல் என்பது கணக்கு. 1648-இல் பாஸ்கலின் மைத்துனர் பெரியே பாதரசக் குழாயைச் சுமந்துகொண்டு பூய் தெ தோம் மலையில் ஏறிக் கண்டதை, இன்று மாடிப்படியிலேயே காண முடிகிறது. வெப்பமண்டலத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: அங்கே அழுத்தம் நாள்தோறும் காலை 10 மணியளவில் உச்சத்துக்கு வந்து, மாலை 4 மணியளவில் சில ஹெக்டோபாஸ்கல் இறங்குவது இயல்பு. அதைப் பார்த்துப் புயல் வருகிறது என்று யாரும் கிளப்பிவிடாமல் இருக்க, முந்தைய நாளின் அதே நேர அளவோடு ஒப்பிடுவதையே வழக்கமாக்கியிருக்கிறேன்.

அதிக வாக்குவாதத்தைக் கிளப்பியது நிகழ்தகவுப் பலகை. அதிகாரப்பூர்வ முன்னறிவிப்பில் வரும் மழை வாய்ப்பைச் சதவீதமாக ஒரு பத்தியிலும், மறுநாள் காலை மானியில் குறைந்தது 1 மி.மீ. இருந்ததா என்பதை அடுத்த பத்தியிலும் எழுதுகிறோம். '30 சதவீதம்' என்று சொல்லி மழை பெய்துவிட்டால் முன்னறிவிப்பு தோற்றுவிட்டதாகவே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். 30 சதவீதம் என்று அறிவித்த நாள்களை மட்டும் தனியே திரட்டி, அவற்றில் பத்துக்கு மூன்று என்ற வீதத்தில் மழை பெய்திருக்கிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை. பெய்யவே இல்லை என்றாலும் அங்கே குறைதான். மதிப்பெண் போட விரும்பியவர்களுக்கு, கிளென் பிரையர் 1950-இல் முன்வைத்த முறையைச் சொல்லிக்கொடுத்தேன்: மழை பெய்தால் 1, இல்லாவிட்டால் 0, அதற்கும் சொன்ன நிகழ்தகவுக்கும் உள்ள வேறுபாட்டின் வர்க்கமே அன்றைய தண்டம். 80 சதவீதம் என்று சொல்லி மழை பெய்தால் 0.04, பெய்யாவிட்டால் 0.64. எப்போதும் 50 சதவீதம் என்றே சொல்லிக்கொண்டிருப்பவருக்குச் சராசரி 0.25-ஐவிட்டு நகராது.

இதில் ஆர்வம் கொண்ட சிலர் தங்கள் சொந்தக் கணிப்பையும் பலகையில் எழுதத் தொடங்கினார்கள். வறண்ட பருவத்தில் தினமும் சுழியம் என்று எழுதிய ஒருவர் அருமையான மதிப்பெண் பெற்று, முன்னறிவிப்பாளர்களைத் தாம் மிஞ்சிவிட்டதாகச் சொன்னார். அந்தப் பருவத்தில் வழக்கமாக எத்தனை நாளில் ஒரு நாள் மழை பெய்யும் என்பதை மட்டும் வைத்துச் சொல்பவருக்கும் அதே மதிப்பெண்தான் கிடைக்கும் என்பதை அவரிடம் விளக்க வேண்டியிருந்தது. அந்த வழக்க அளவை எவ்வளவு தூரம் மிஞ்சுகிறோம் என்பதே திறமை. பருவம் மாறியதும் அவரே எழுதுவதைக் குறைத்துக்கொண்டு, அதிகாரப்பூர்வ முன்னறிவிப்பின் பத்தியைக் கூர்ந்து கவனிக்கலானார்.

வழக்க அளவு என்றதும் காலநிலை வந்துவிடுகிறது. உலக வானிலை அமைப்பு அதற்கு 30 ஆண்டுச் சராசரியை வைத்திருக்கிறது. இப்போது நடப்பில் உள்ளது 1991 முதல் 2020 வரையிலானது. "நம் தோட்டத்து அளவுகளில் புவி வெப்பமாதல் தெரியுமா?" என்று கேட்பவர்களுக்கு, தெரியாது என்றே சொல்கிறேன். 2024-ஆம் ஆண்டின் உலகச் சராசரி வெப்பநிலை 1850–1900 காலத்தைவிடச் சுமார் 1.55 டிகிரி கூடுதல் என்று அந்த அமைப்பு மதிப்பிட்டது. ஒரு தோட்டத்தில் ஒரு மரம் வளர்ந்தாலோ, ஒரு சுவர் எழும்பினாலோ அதே அளவுக்கு மாற்றம் வந்துவிடலாம். ஆனால் பல இடங்களின் நீண்ட பதிவுகள் சேர்ந்தால் விஷயம் வேறு. கை காலண்டர் (Guy Callendar) என்ற நீராவிப் பொறியாளர், வானிலையைப் பொழுதுபோக்காக வைத்திருந்தவர், ஏறத்தாழ 150 நிலையங்களின் பதிவுகளைத் தம் கையாலேயே கணக்கிட்டு, முந்தைய அரை நூற்றாண்டில் உலகம் ஆண்டுக்கு 0.005 டிகிரி வீதம் வெப்பமாகியிருப்பதாக 1938-இல் எழுதினார். கரியமில வாயுவை அதற்குக் காரணமாகக் காட்டினார். அவர் பயன்படுத்திய ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒழுங்காக நேரத்துக்கு எழுந்து அளந்த யாரோ ஒருவர் இருந்திருக்கிறார். இதனால், எங்கள் குறிப்பேடுகளில் அளவுகளோடு ஆண்டுக்கொருமுறை கருவியின் நான்கு திசைகளையும் படமெடுத்து ஒட்டுவதையும் கட்டாயமாக்கியிருக்கிறேன்.

காற்றை அளப்பதை மட்டும் தள்ளிவைத்திருக்கிறேன். முறைப்படி 10 மீட்டர் உயரத்தில், தடையில்லாத வெளியில் கருவி நிற்க வேண்டும். வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் சுழலும் கிண்ணங்கள் காட்டுவது அந்தச் சுவர் கிளப்பும் சுழலையே. அதுவரை இலை அசைவதையும் கிளை ஆடுவதையும் பார்த்து, காற்றின் வலிமையைக் குறிக்கும் போஃபர்ட் அளவில் எண் போடச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் ஆளுக்கொரு மரத்தைப் பார்ப்பதால் எண்கள் இன்னும் ஒத்துவரவில்லை. எல்லோருக்கும் பொதுவாக ஒரே மரத்தைக் குறித்துக்கொடுப்பது அடுத்த வேலை.