மயில் ஏன் அகவுகிறது: குரூப் 4-க்கு ஒலிமரபு படிப்பவர்களுக்கு

யானை பிளிறும், குதிரை கனைக்கும், நரி ஊளையிடும். இதெல்லாம் பள்ளியிலேயே மனதில் பதிந்துவிட்டது, திரும்பத் திரும்பப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். குழப்புவது பக்கத்துப் பக்கத்தில் நிற்பவைதான்: ஆந்தை அலறும், கூகை குழறும், குயிலும் சேவலும் கூவும், கோழி மட்டும் கொக்கரிக்கும். மரபுப் பிழை கேள்விகளில் 'சிங்கம் கர்ஜிக்கும்' என்று பார்த்தால் கை தானாக அங்கே போகும், ஆனால் மரபு முழங்கும் என்பதுதான்.

பட்டியலாக மனப்பாடம் செய்வது எனக்கு ஒத்து வரவில்லை, இரண்டே நாளில் எல்லாம் கலந்துவிடும். அதனால் ஒரு வினையை எடுத்துக்கொண்டு அது பாடத்திட்டத்தில் வேறு எங்கே தலைகாட்டுகிறது என்று தேட ஆரம்பித்தேன். அகவுதலையே பாருங்கள். அகவு என்றால் கூப்பிடு, உரக்கப் பாடு. குறுந்தொகை 23-ல் ஔவையார் 'அகவன் மகளே' என்று விளிப்பது குறி சொல்லும் கட்டுவிச்சியை, அவள் தெய்வத்தைக் கூவி அழைத்துப் பாடுகிறவள். ஆசிரியப்பாவுக்கு உரிய ஓசையும் அகவல்தான், அதனால்தான் அதற்கு அகவற்பா என்றே இன்னொரு பெயர். சரி, அங்கே போனதுதான் போனோம், வெண்பாவுக்குச் செப்பல், கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல் என்பதையும் சேர்த்து முடித்துவிடலாம். மயிலில் தொடங்கி யாப்பிலக்கணம் வரை வந்தாயிற்று!

காகம் கரையும் என்பதும் இப்படித்தான். கரைதலுக்கு அழைத்தல் என்ற பொருளும் உண்டு. 'காக்கை கரவா கரைந்துண்ணும்' என்ற குறள் (527) சுற்றந்தழால் அதிகாரத்தில் இருப்பதற்குக் காரணமே அந்தப் பொருள்தான், இனத்தை அழைத்து உண்கிறதே. விருந்து வரக் கரைந்த காக்கையைக் குறுந்தொகை 210-ல் பாடியதால்தான் நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்ற பெயர் வந்தது, இதைத் தனிக் கேள்வியாகவே கேட்கலாம்.

தேர்வில் 200 கேள்விகளில் 100 தமிழ், அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதித்தாளைத் திருத்தவே மாட்டார்கள், அதனால் இந்தச் சின்னப் பகுதியை அலட்சியப்படுத்தாதீர்கள். அப்புறம் இளமைப் பெயர்களுக்குப் போங்கள்: புலிப்பறழ், சிங்கக்குருளை, யானைக்கன்று. தொல்காப்பிய மரபியலின் முதல் நூற்பாவிலேயே பார்ப்பு, பறழ், குட்டி, குருளை என்று ஒன்பதும் வரிசையாக இருக்கின்றன.