எழுவதற்கு முன் ஒரு கோடு

சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய ராஜாஜி சாலைப் பகுதியில், ஏற்றுமதி ஆவணங்களைத் தயாரித்துச் சுங்கத்துறையில் தாக்கல் செய்து தரும் சிறிய அலுவலகம் ஒன்றில் 16 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்ட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெட்டிகளின் எண்ணிக்கை, நிகர எடை, மொத்த எடை, 8 இலக்கச் சுங்கக் குறியீடு முதலியவற்றை ஷிப்பிங் பில் என்னும் சுங்க ஏற்றுமதிப் படிவத்தில் ஏற்றுவதுதான் என் வேலையின் பெரும்பகுதி. அதைக் கடினமான வேலை என்று சொல்ல முடியாது. ஆனால் பத்து நிமிடம் தொடர்ச்சியாகச் செய்ய விடமாட்டார்கள். எண்ணூர் பக்கம் லாரி வரிசை நகரவே இல்லை என்று டிரைவர் அழைப்பார். அவருக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் சரக்கை ஒப்படைக்க வேண்டிய கடைசி நேரமான கட்-ஆஃப் முன்னால் வந்துவிட்டதாகக் கப்பல் நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் அப்படியொரு அழைப்புக்கு எழுந்துபோய்த் திரும்பியபோது, மொத்த எடை இருக்க வேண்டிய இடத்தில் நிகர எடையை ஏற்றிவிட்டேன். திருத்தத்துக்கு மனுப்போட்டு அனுமதி வாங்குவதற்குள் கட்-ஆஃப் முடிந்து, கண்டெய்னர் அடுத்த கப்பலுக்குப் போனது. அன்று மாலை, பணி ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்த மூத்த எழுத்தர் என்னைத் திட்டவில்லை. தம் மேசையில் இருந்த பேக்கிங் லிஸ்ட்டைக் காட்டினார்; அதில் ஐந்தாறு இடங்களில் பென்சிலால் குறுக்குக் கோடுகள் இருந்தன. “எந்திரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கோடு போட்டுட்டு எந்திரி தம்பி. திரும்பி வர்றவனுக்கு வழி தெரியணும்ல” என்றார்.

திரும்பி வருபவனை அவர் வேறொரு ஆள்போலப் பேசியது அப்போது வேடிக்கையாக இருந்தது. அது எவ்வளவு துல்லியமான பேச்சு என்பது பல ஆண்டுகள் கழித்தே புரிந்தது. ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குப் போகும்போது மனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுவதை, சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் ‘கவனத்தின் எச்சம்’ என்று பெயரிட்டு எழுதினார். 2018இல் தெரசா குளோம்ப் என்பவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு, எந்த இடத்தில் நிறுத்தினோம், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதிவிட்டுப் போனால் அந்த எச்சம் குறைகிறது என்று காட்டியது. எங்கள் பெரியவரின் பென்சில் அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

நடுவில் நான் வேறு முறைகளையும் முயன்றதுண்டு. 1980களின் இறுதியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் உருவாக்கிய, 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற தக்காளிக் கடிகார முறை அவற்றுள் ஒன்று. அது தன் நேரம் தன் கையில் இருப்பவருக்கான முறை. துறைமுக வாசலில் நிற்கும் டிரைவருக்கு என் 25 நிமிடத்தைப் பற்றி என்ன கவலை?

ஆகவே கோட்டுக்கே திரும்பினேன். வேலை காகிதத்திலிருந்து கணினித் திரைக்கு மாறிவிட்டதால், கோட்டுக்குப் பதிலாக ஒரு சிறிய நோட்டில் ஒரே ஒரு வரி: ‘12ஆவது பெட்டி வரை சரிபார்த்தாயிற்று, அடுத்தது மொத்த எடை.’ லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், ஒரு செயல் தானாக நிகழும் பழக்கமாவதற்கு நடுமதிப்பாக 66 நாள்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 வரை வேறுபட்டது. எனக்கு ஏறத்தாழ நான்கு மாதங்கள் பிடித்தன. தொலைபேசி மணி அடித்ததும் கை நோட்டுக்குப் போகாமல் ரிசீவருக்கே போய்க்கொண்டிருந்ததுதான் காரணம்.

நான் எதிர்பாராத பலன் வேறொன்று. காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறினால், தண்டையார்பேட்டைக்கு முன் வண்டி சுரங்கத்தில் இறங்கும்வரை உயரத்திலிருந்து கூரைகளைப் பார்த்துக்கொண்டே வரலாம். முன்பெல்லாம் அந்த நேரம் முழுவதும் விட்டுவந்த வேலைகளே தலைக்குள் ஓடும். அவை நோட்டுக்குப் போனபிறகு, வேறு யோசனைகள் வரத் தொடங்கின. வாடிக்கையாளர்வாரியாக அடிக்கடி தவறும் இடங்களை மட்டும் தொகுத்து ஒரு பக்கத் தாளாக்கலாம் என்று தோன்றியது அப்படியொரு காலையில்தான். இன்று அலுவலகத்தில் எல்லோரும் அந்தத் தாளைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

எங்கள் அலுவலகத்தில் நோட்டில் குறித்துவைக்கும் இந்தப் பேச்சு வந்தாலே யாராவது கணிதமேதை ராமானுஜனை இழுப்பார்கள். 1912 மார்ச் 1ஆம் தேதி துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுத்தராகச் சேர்ந்தவர் அல்லவா, எங்கள் பகுதிக்காரர் என்ற உரிமை. காகிதம் விலை என்பதால் அவர் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றுவார். இடைப்பட்ட படிகளை அழித்துவிட்டு மேலே போக அவரால் முடிந்தது. எனக்கோ அழிந்துவிடும் அந்தப் படிதான் பிழைப்பு. அவரை எனக்கு முன்மாதிரியாகக் காட்டுவது இருவருக்குமே நியாயமில்லை என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

பழக்கம் முழுமையாகப் படிந்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. நிதியாண்டு முடியும் மார்ச் கடைசி வாரத்தில், எல்லா ஏற்றுமதியாளர்களுக்கும் ஒரே நாளில் சரக்கு போயாக வேண்டியிருக்கும். சென்ற மார்ச்சில் என் நோட்டில் நான்கு பக்கங்கள் தொடர்ந்து வெறுமையாகக் கிடக்கின்றன. ஐந்தாவது பக்கத்தில் ‘எடை’ என்று ஒரு சொல் மட்டும் இருக்கிறது. எந்தக் கண்டெய்னரின் எடை என்பதை அன்று முழுவதும் தேடினேன்.