தூக்க மாத்திரையைக் குறைத்த பத்து மாதங்கள்

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் இருபது ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். மூட்டை, எடை, கமிஷன், கூலி என எதையும் விடாமல் எழுதிப் பழகிய எனக்கு, மாதம் எத்தனை அட்டை தூக்க மாத்திரை செலவாகிறது என்ற கணக்கு மட்டும் கண்ணில் படவில்லை என்று சொன்னால் அது பொய். பட்டது, எழுதத்தான் மனம் வரவில்லை.

2019-இல் கருப்பையை அகற்றும் அறுவை சிகிச்சை முடிந்த பிறகு தூக்கம் கெட்டது. படுத்தால் நெஞ்சு படபடக்கும். இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் 0.25 மில்லிகிராம் அல்பிரசோலம் மாத்திரையை இரவில் ஒன்று வீதம் பத்து நாட்களுக்கு எழுதிக் கொடுத்தார். முதல் இரவே அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன். பத்து நாள் முடிந்தபோது நிறுத்தச் சொல்ல ஆளில்லை, நானும் போய்க் கேட்கவில்லை. பழைய சீட்டின் ஜெராக்ஸைக் காட்டினால் மருந்துக்கடையில் கொடுத்துவிட்டார்கள். ஓராண்டில் 0.25 போதாமல் 0.5 ஆயிற்று. 2021 முடிவதற்குள், மதியம் காரணமில்லாமல் வரும் பதற்றத்துக்கு ஒன்று, இரவு தூக்கத்துக்கு ஒன்று என நாளைக்கு இரண்டு. மதியம் வந்த அந்தப் பதற்றம் முந்தைய இரவின் மாத்திரை உடலைவிட்டு இறங்குவதால் வந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. அதை நோய் என்று நினைத்து அந்த மாத்திரையையே மருந்தாக விழுங்கிக்கொண்டிருந்தேன்.

அடிமைத்தனம் என்றால் போதை, தள்ளாட்டம், ஆட்டம் என்றே நினைத்திருந்ததால் என் நிலைமையை அந்தப் பெயரால் அழைக்க எனக்குத் தோன்றவில்லை. எனக்குப் போதையே இல்லை. காலையில் கோலம் போட்டு, சமைத்து, வேலைக்குப் போய் வந்தேன். ஆனால் அறிகுறிகள் வேறு இடத்தில் இருந்தன. ஊருக்குப் போகப் பையில் முதலில் வைப்பது சேலை அல்ல, மாத்திரை அட்டை. ஒரே கடையில் அடிக்கடி வாங்கக் கூச்சப்பட்டு மூன்று கடைகளில் மாறி மாறி வாங்கினேன். அட்டைகளைச் சமையலறையில் வெந்தய டப்பாவுக்குள் புதைத்து வைத்தேன். இரவு ஒன்பது மணிக்கு அரைமணி நேரம் தொலைபேசியில் பேசியதாக மகள் சொன்னாள். எனக்கு ஒரு சொல்கூட நினைவில்லை. மண்டியில் ஒரே எடைச்சீட்டை இரண்டு முறை பதிந்திருந்தேன், அதுவும் ஒரே பக்கத்தில்.

2023 தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போவதாக வேண்டியிருந்தேன். விரதத்தோடு மாத்திரையையும் விட்டுவிடலாம், முருகன் பார்த்துக்கொள்வான் என்று ஒரே நாளில் நிறுத்தினேன். நான் செய்தவற்றிலேயே மிக ஆபத்தான செயல் இதுதான். முதல் இரவு தூக்கமில்லை, அவ்வளவே. இரண்டாம் நாள் குழாயில் சொட்டும் நீர் சுத்தியலால் அடிப்பதுபோல் கேட்டது. டியூப்லைட் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. உள்ளங்கையில் வியர்வை ஊறிப் பேனா வழுக்கியது. மூன்றாம் நாள் காலை இட்லி மாவை எடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்து எனக்கு நினைவிருப்பது, வாயில் இரத்தச் சுவையும் தலைமாட்டில் மகள் அழும் குரலும். வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டு மாவுக்குள்ளேயே விழுந்து கிடந்திருக்கிறேன்.

மருத்துவமனையில் தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். சர்க்கரை, உப்பு எல்லாம் சரியாக இருந்தன. என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று பணியிலிருந்த இளம் மருத்துவர் கேட்டபோது, பிரஷர் மாத்திரை மட்டும்தான் என்று என் கணவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருக்கிறார். அவர் அறிந்தது அவ்வளவுதான். தாளிக்க வெந்தயம் எடுக்கப் போன மாமியாரிடம் அட்டைகள் சிக்கியதால் உண்மை வெளியே வந்தது. அன்று மாலையே மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள்.

அவர் திட்டவில்லை. மூளைக்கு ஒரு பிரேக் இருக்கிறது, காபா என்ற வேதிப்பொருள் அதை இயக்குகிறது, இந்த மாத்திரை அந்த பிரேக்கை இன்னும் அழுத்திவிடுகிறது. வருடக்கணக்கில் அப்படி அழுத்தினால் மூளை தன் சொந்த பிரேக்கைத் தளர்த்திக்கொள்ளும், மாத்திரையைச் சட்டென்று எடுத்தால் இரண்டுமே இல்லாமல் போய்விடும், வலிப்பு அதனால்தான் என்று விளக்கினார். சில வாரங்கள் தினமும் சாப்பிட்டாலே யாருடைய உடலும் இதற்குப் பழகிவிடும், அது குற்றமல்ல. சொல்லாமல் அளவைக் கூட்டுவதும் ஒளித்து வைப்பதும் அடுத்த படி என்றார். நான் இரண்டாவது படியிலும் நின்றேன். டாக்டர் கொடுத்த மருந்துதானே என்று உறவினர்கள் சமாதானம் சொன்னார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. மூன்று கடை ஏறி இறங்கியது நான்தான்.

அல்பிரசோலம் அரை நாளில் பாதியாகக் குறைந்துவிடும். அதே வகையைச் சேர்ந்த டயசிபாம் என்ற மாத்திரை உடலில் நாட்கணக்கில் தங்கும். ஆகவே மூன்று வாரங்களில் ஒவ்வொரு வேளையாக மாற்றி, என் 1 மில்லிகிராமுக்கு ஈடாக 20 மில்லிகிராம் டயசிபாமில் நிறுத்தினார்கள். இங்கிலாந்தில் நியூகாசிலில் 1982 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் இதற்கென்றே சிகிச்சைப் பிரிவு நடத்திய ஹெதர் ஆஷ்டன் என்ற பேராசிரியை இந்த முறையைப் பரவலாக்கினார் என்பதைப் பின்னர் படித்தேன். பத்து மில்லிகிராம் வரை இரண்டு வாரத்துக்கு 2 குறைத்தோம், அதன்பின் ஒன்று, கடைசி இரண்டு மில்லிகிராமில் அரை அரையாக. மாத்திரைகள் கணவரின் பீரோவில் பூட்டப்பட்டன. ஒரு நாள் பழைய பேரேடு ஒன்றைத் திறந்து தேதி, அளவு, தூங்கிய நேரம், நடுக்கம் என நான்கு பத்தி கோடு போட்டேன். மூன்றரை ஆண்டு எழுதாத கணக்கை அப்படித்தான் எழுதத் தொடங்கினேன்.

தூக்கத்துக்கு வேறு பயிற்சி தந்தார்கள். தூக்கம் வந்தால் மட்டும் படுக்கை, இருபது நிமிடம் கழித்தும் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து வேறு அறை, இரவு எப்படிக் கழிந்தாலும் காலை ஐந்தரைக்கு எழுவது, சுவர்க்கடிகாரத்தைத் திருப்பி வைப்பது. முதல் மூன்று வாரம் தூக்கம் முன்பைவிட மோசமானது என்பதை யாரும் மறைத்துச் சொல்லக் கூடாது.

ஆடி மாதத்தில் 6 மில்லிகிராமில் சறுக்கினேன். மாமியாரை மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். கை நடுக்கமும் தோலுக்கு அடியில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வும் திரும்பின. ஒன்றே ஒன்று கூடுதலாகப் போட்டுக்கொண்டால் என்ன என்று மருத்துவரிடம் கேட்டேன். கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், இதே அளவில் நில்லுங்கள் என்றார். ஆறு வாரம் நின்றேன். கடைசிக் கட்டத்தில் 2 மில்லிகிராம் மாத்திரையை ஷேவிங் பிளேடால் நான்காக வெட்ட வேண்டியிருந்தது. பொட்டளவு மாத்திரை, நாளிதழில் வைத்து வெட்டினால் ஒரு துண்டு தெறித்து ஓடும், தூள் பறக்கும். கணவரும் நானும் தரையில் தவழ்ந்து தேடியிருக்கிறோம்.

அப்படித் தேடிய ஒரு நாளில்தான் பழைய அட்டை ஒன்றின் பின்புறத்தைப் படித்தேன். சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருந்தது. 2014 முதல் நடைமுறையில் உள்ள எச்1 அட்டவணை விதிப்படி, மருத்துவர் சீட்டில்லாமல் இதை விற்கக் கூடாது. வாங்கியவர் பெயர், எழுதிய மருத்துவர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அப்படியானால் என் மூன்று கடைகளின் பதிவேட்டில் யார் பெயர் இருக்கும் என்று, கணக்கெழுதுபவள் என்பதால், யோசித்துப் பார்த்தேன்.

2023 டிசம்பர் 4 அன்று கடைசிக் கால் துண்டைச் சாப்பிட்டேன். அதன் பிறகும் மூன்று மாதம் சத்தம் கேட்டால் திடுக்கிட்டேன், இப்போது இல்லை. ஐந்தரை மணி நேரம் தூங்குகிறேன், சில நாள் நான்கு. சென்ற மாதம் பல் பிடுங்கப் போனபோது, மயக்க ஊசிக்கு முன்பே இதையெல்லாம் சொல்லி, கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதச் சொல்லி, எழுதியதைப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் சாய்ந்தேன்.