புது 4கே டிவியும் பழைய கணினியும்

ஹாலில் படம் பார்ப்பதற்கென்றே ஒரு கணினி வைத்திருந்தேன். நாலாம் தலைமுறை இன்டெல் செயலி, 2013இல் வந்த ரகம். பழைய 1080பி டிவியோடு இருந்தவரை அது ஒரு குறையும் வைக்கவில்லை. 4கே டிவி வந்த பிறகுதான் தகராறு. கணினியை டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ அதில் பழைய 1.4 பதிப்பு; அதில் 4கே படத்தை 30 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 30 முறைக்கு, மேல் அனுப்ப முடியாது. மவுஸை நகர்த்தினாலே அம்பு இழுத்துக்கொண்டு வரும். 10 பிட் நிறத்தோடு எச்இவிசி என்ற முறையில் சுருக்கிய வீடியோக் கோப்பைத் திறந்தால் செயலி திணறிப் படம் தாவித் தாவி ஓடும். அந்தச் சுமையைச் செயலிக்குள் வீடியோவுக்கென்றே இருக்கும் வன்பொருளே முழுசாக ஏற்றுக்கொள்வது இன்டெல்லில் ஏழாம் தலைமுறையிலிருந்துதான்.

சரி என்று இன்டெல்லின் என்100 செயலி உள்ள மினி பிசிக்கு மாறினேன். ஏவி1 என்ற இன்னும் புதிய முறையில் சுருக்கிய கோப்புகூட அலட்டாமல் ஓடுகிறது. படம் பார்க்க மட்டும் தனி கிராபிக்ஸ் கார்டு வாங்குவது வீண் என்பது என் கட்சி. கேம் ஆடுபவர்கள் கதை வேறு.

ஆனால் புதுப் பெட்டியை மாட்டிய கையோடு படம் அழகாகிவிடவில்லை. இருட்டுக் காட்சிகளில் கருப்பே இல்லை, எல்லாம் வெளிறிய சாம்பல். கருப்பு முதல் வெள்ளை வரையான ஒளியைக் கணினி 16 முதல் 235 வரையிலான அளவில் அனுப்ப, டிவி 0 முதல் 255 வரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்ததும் கருப்பு கருப்பானது. இதே பொருத்தம் எதிர்ப்பக்கமாகத் தவறினால் நிழலில் இருக்கும் முகமெல்லாம் இருட்டில் மூழ்கிவிடும்.

அடுத்தது நடுக்கம். சினிமாக் கோப்புகள் பெரும்பாலும் நொடிக்கு 23.976 ஃபிரேம். அதை 60 ஹெர்ட்ஸில் காட்டும்போது ஒரு ஃபிரேம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று மாறி மாறி வரும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பும் காட்சியில் இது கண்ணை உறுத்தும். படம் ஓட்டும் கோடி (Kodi) மென்பொருளில் வீடியோவுக்கு ஏற்ப ரிஃப்ரெஷ் ரேட்டை, அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதை, மாற்றும் வசதியைப் போட்டுவிட்டால் போதும். இதில் இன்னொரு லாபமும் உண்டு: எச்டிஎம்ஐ 2.0 நொடிக்கு அனுப்பக்கூடிய 18 ஜிகாபிட்டுக்குள் 4கே, 60 ஹெர்ட்ஸ், 10 பிட், முழு நிற விவரம் எல்லாம் சேர்ந்து அடங்காது. 24 ஹெர்ட்ஸில் தாராளமாக அடங்கும். வெளிச்சமும் நிறமும் கூடுதல் விரிவோடு வரும் எச்டிஆர் படத்துக்கு அதுவே நல்லது. பல டிவிகளில் இதற்கு அந்த எச்டிஎம்ஐ போர்ட்டின் அமைப்பையும் தனியாக மாற்ற வேண்டும்; மெனுவில் எங்கேயாவது ஒரு மூலையில் ஒளித்து வைத்திருப்பார்கள்.

அப்புறம், ஓரத்தை வெட்டிப் படத்தைப் பெரிதாக்கும் ஓவர்ஸ்கேனை நிறுத்தினேன். டிவியே இடையில் ஃபிரேம்களைச் சேர்த்து அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கையும்தான், அது சினிமாவை சீரியல்போல ஆக்கிவிடுகிறது. விளையாட்டு பார்க்கிறவர்கள் வீட்டில் சண்டைக்கு வந்தார்கள். எங்கள் டிவி ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனி அமைப்பை நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதால் செட்டாப் பாக்ஸ் பக்கம் மட்டும் விட்டுக்கொடுத்தேன்.