இரண்டாவது சரணம் (வூஹான், 2019)

மே 26, ஞாயிறு

நேற்று ஐச்சியி வீடியோ தளத்தில் அந்த பேண்டுப் போட்டி நிகழ்ச்சி ஆரம்பித்துவிட்டது. மொத்தம் 31 பேண்டுகள். அச்சகத்தில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் கூட அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அம்மா போன் செய்து, "நீ வாசிக்கிறதும் இதே மாதிரிதானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இத்தனை வருஷத்தில் அம்மா இதைப் பற்றித் தானாகக் கேட்டது இதுதான் முதல் தடவை. ரொம்ப நேரம் சந்தோஷமாக இருந்தது.

ராத்திரி எங்கள் டிரம்மரிடமிருந்து செய்தி. அவளுக்கு ஷென்ஷென் கம்பெனியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஆகஸ்ட் 12 வேலையில் சேர வேண்டும்.

மே 29

இரண்டாவது சரணம் இன்னும் வரவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

ரிகர்சல் மூன்று மணி நேரமும் ஒரே பாட்டு. படகுப் பாட்டு என்றுதான் இன்னும் சொல்கிறோம், பெயர் வைக்கவில்லை. அதன் பேஸ் கிட்டார் வரி எனக்குக் கிடைத்தது சோங்ஹுவா சாலைத் துறையிலிருந்து ஹான்கோவுக்குப் போகும் படகில். டிக்கெட் ஒன்றரை யுவான். கீழ்த்தளத்தில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்களுக்கு நடுவே நின்றால் எஞ்சின் அடிப்பது உள்ளங்காலில் ஏறும். அதை அப்படியே நாலு சுரத்தில் வாசித்தேன். கிட்டார் வாசித்துப் பாடுகிற எங்கள் பாடகன் அதே படகில் முதல் சரணத்தை எழுதி முடித்துவிட்டான். அதில் ஒருவன் படகில் ஏறுகிறான். இரண்டாவதில் அந்த ஆள் அக்கரையில் இறங்க வேண்டும், இல்லை இறங்கக் கூடாது. எது என்று முடிவு செய்யாமல் சொல் வராது. முடிவு செய்ய எங்கள் பாடகன் தயாராக இல்லை.

அப்புறம் வேகம். நிமிஷத்துக்கு 132 தட்டில் ஆரம்பிக்கிறோம். பல்லவி வந்தவுடன் டிரம்ஸில் அவள் கை ஓடுகிறது, முடிக்கும்போது 140-ஐத் தாண்டிவிடுகிறது. ஸ்டுடியோவில் காதில் ஒரே சீராக விழும் கிளிக்கோடு வாசித்தால்தான் ஒரு டேக்கில் நன்றாக வந்த இடத்தை வெட்டி இன்னொன்றில் ஒட்ட முடியும் என்று அவன் மெட்ரனோமைப் போட்டான். அவளும் காதில் மாட்டிக்கொண்டு இம்மி பிசகாமல் வாசித்தாள். பாட்டில் உயிரே இல்லை. படகு துறையிலேயே கட்டிக் கிடந்தது.

கிளிக் வேண்டாம் என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. அவள் குச்சிகளைப் பையில் வைத்துக்கொண்டே, "அக்கா, எதுவானாலும் ஆகஸ்டுக்குள்ள முடிவு பண்ணுங்க" என்றாள்.

ஜூன் 5

ரிகர்சல் அறை வாசலில் நோட்டீஸ். பக்கத்துப் பள்ளியில் காவோகாவ் என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு மையம். 8-ம் தேதி சாயங்காலம் வரை சத்தம் கூடாது.

ஜூன் 7, வெள்ளி

டிராகன் படகுத் திருநாளும் காவோகாவும் இந்த வருஷம் ஒரே நாளில் வந்திருக்கின்றன. ஊரே குரலைத் தாழ்த்திக்கொண்டிருக்கிறது. கட்டட வேலை இல்லை, ஹார்ன் இல்லை. தேர்வு மைய வாசலில் அம்மாக்கள் குடையும் தண்ணீர் பாட்டிலுமாக நிற்கிறார்கள்.

நாங்கள் மூவரும் ஆற்றங்கரைப் பூங்காவில் உட்கார்ந்து மூங்கில் இலையில் கட்டிய சோங்ஸி அரிசிக் கொழுக்கட்டையைச் சாப்பிட்டோம். அவன் ஆம்ப் இல்லாமல் கிட்டாரை மெல்லத் தட்டினான். அவள் முழங்காலில் தாளம் போட்டாள். அவளுடைய தேர்வு நாளைப் பற்றிச் சொன்னாள். அவள் ஊர் என்ஷி மலைப்பக்கம். பேப்பரை முடித்துவிட்டு மீதி நேரமெல்லாம் மேஜைக்கு அடியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாளாம். அந்தத் தேர்வுதான் அவளை வூஹானுக்குக் கொண்டுவந்தது. வராவிட்டால் எங்களுக்கு அவளைத் தெரிந்தே இருக்காது.

அவள் போவதைப் பற்றி மூவருமே பேசவில்லை.

ஜூன் 13

29-ம் தேதி வாக்ஸ் இசை அரங்கில் எங்களுக்கு முதல் அரை மணி நேரம். அதற்கான அனுமதிக்குப் பாடப்போகும் எல்லாப் பாட்டின் வரிகளும், மூவரின் அடையாள அட்டை நகலும் கொடுக்க வேண்டும். வழக்கம்தான். நாளைக்குள் அனுப்ப வேண்டும் என்பதுதான் இப்போது பிரச்சினை. கொடுத்த வரியைத்தான் மேடையில் பாட வேண்டும். படகுப் பாட்டில் பாதிப் பக்கம் காலி.

ராத்திரி இரண்டு மணி வரை அவன் வீட்டில் இருந்தோம். வரி வராதவன் இல்லை அவன், அருமையான வரிகள் வந்தன. பாடினால்தான் உட்காரவில்லை. மாண்டரினில் ஒவ்வொரு அசைக்கும் அதற்கென்று ஓர் ஏற்றம், ஓர் இறக்கம் இருக்கிறது. மெட்டு மேலே ஏறும் இடத்தில் சொல் கீழே விழுந்தால் கேட்பவருக்கு அர்த்தம் நழுவிவிடும். பெரும்பாலான பாட்டுகளில் அதைக் கண்டுகொள்ளாமல் பாடிவிட்டுப் போவார்கள், கேட்பவரும் ஊகித்துக்கொள்வார்கள். அவனால் அது முடியாது. இந்த மெட்டின் கடைசி சுரம் ஏறியே ஆக வேண்டும். அவனுக்கு வேண்டிய சொற்கள் எல்லாம் இறங்குகின்றன.

அதே வரியை நான் வூஹான் பேச்சில் சொல்லிப் பார்த்தேன். எங்கள் பேச்சில் ஏற்ற இறக்கம் வேறு. உட்கார்ந்தது. அவன் என்னை முறைத்தான். "பெய்ஜிங்கில் யாருக்குப் புரியும்?" என்றான். பெய்ஜிங்கில் யார் நம்மைக் கேட்கிறார்கள் என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான், கதவைச் சாத்திக்கொண்டான்.

ஜூன் 14

கடைசியில் அந்த வூஹான் வரிகளைத்தான் அனுப்பினோம்.

ஜூன் 20

மழை. மெய்யூ என்கிற மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது. சுவரில் ஒட்டிய பழைய கம்பளியில் பூஞ்சை. கேபிள் கரகரக்கிறது. என் பேஸின் கழுத்து ஈரத்தில் வளைந்து, தந்தி மேலே எழும்பி நிற்கிறது. உள்ளே இருக்கும் கம்பியை மெதுவாகத் திருகிச் சரி செய்தேன். கால் சுற்று போதும். அதற்கு மேல் போனால் மரம் தாங்காது.

ஜூன் 30, ஞாயிறு

நேற்று வாக்ஸ். எழுதக் கை நடுங்குகிறது, அவ்வளவு நன்றாக இருந்தது.

லூமோ சாலை முழுக்க மாணவர்கள். அந்த பேண்டு நிகழ்ச்சியால் கூட்டம் கூடியிருக்கிறது, மறுக்க மாட்டேன். இந்த இடம் 2005-லிருந்து இருக்கிறது, எங்களைப் போன்ற எத்தனையோ பேர் இங்கேதான் முதல் தடவை மேடை ஏறியிருக்கிறார்கள். நேற்று வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் முதல் தடவை வந்தவர்கள் என்று அவர்கள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

படகுப் பாட்டைக் கடைசியில் வைத்திருந்தோம். இரண்டாவது சரணம் வந்தது, அவன் கண்ணை மூடிக்கொண்டு வூஹான் பேச்சில் பாடினான். முன்வரிசையில் ஒரு பெண் சட்டென்று தலை நிமிர்ந்தாள். பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்தாள். வீட்டில் பேசுகிற பேச்சு ஸ்பீக்கரிலிருந்து வந்தால் அப்படித்தான் இருக்கும். எனக்குத் தொண்டை அடைத்தது.

எங்கள் டிரம்மர் பல்லவியில் வேகத்தை ஏற்றினாள். யாரும் தடுக்கவில்லை, நானும் கூடவே ஓடினேன். முடிந்து பார்த்தால் ஸ்னேர் டிரம் மேல் குச்சித் தூள். இடது கை நடுவிரலில் சுற்றியிருந்த டேப் அவிழ்ந்து, ரத்தம் குச்சியின் பிடி வரை வழிந்திருந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

கிளிக் கூடாது. கூடவே கூடாது.

ஜூலை 3

ஸ்டுடியோ 20, 21 இரண்டு நாள். என் ஒரு மாதச் சம்பளத்தில் முக்கால்வாசி போய்விடும். சரி.

ஜூலை 9

ரிகர்சல் அறை அண்ணன் இன்று ஒரு பெட்டியை இறக்கிக் காட்டினார். எல்லாம் தாகோவ். 90-களில் வெளிநாட்டில் விலை போகாத கேசட்டும் சிடியும் பிளாஸ்டிக் கழிவாக நம் துறைமுகங்களுக்கு வந்தன. மறுபடி விற்க முடியாதபடி விளிம்பில் ரம்பத்தால் ஒரு வெட்டு. அதைத்தான் தெருவோரத்தில் வைத்து விற்றார்கள். அண்ணன் காலத்துப் பிள்ளைகள் ராக் கேட்டு வளர்ந்ததே அதில்தான்.

அவர் ஒரு சிடியை என் கையில் கொடுத்தார். வெட்டு அரை விரல் ஆழம், ஓரம் பிசிறாக. சிடி உள்ளேயிருந்து வெளியே ஓடும், அதனால் வெளி விளிம்பில் இருக்கும் கடைசிப் பாட்டுதான் போகும். மற்றதெல்லாம் பாடும். "அந்தக் கடைசிப் பாட்டை நானே போட்டுக்குவேன்" என்றார். ஆல்பம் எப்படி முடியும் என்று யோசித்து யோசித்துத்தான் அவர் முதல் பாட்டையே எழுதினாராம். பல வருஷம் கழித்து இணையத்தில் அசலைக் கேட்டபோது பிடிக்கவே இல்லையாம்.

வீட்டுக்கு வந்தும் அதே நினைப்பு. நம்மிடம் இருப்பது ஆகஸ்ட் வரை. வெட்டு எங்கே விழும் என்று தெரிகிறது. தெரிந்தால் அதற்கு முன்னால் வரும் பாட்டையாவது முழுசாகப் போட வேண்டாமா?

ஜூலை 16

வெயில். அந்த நிகழ்ச்சியில் முள்ளெலி பேண்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 2005-ல் ஆரம்பித்தவர்கள். பாடகர் புரோகிராமராக வேலை பார்த்துக்கொண்டே வாசித்தவர், டிரம்ஸில் ஷி லூ. அவர் ஸ்னேரை அடிக்கும்போது எங்கள் டிரம்மர் மூச்சு விடுவதை நிறுத்திவிட்டாள். வேலையையும் பேண்டையும் சேர்த்து நடத்த முடியும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவர்கள் எல்லாரும் ஒரே ஊரில் இருப்பவர்கள். இங்கிருந்து ஷென்ஷென் அதிவேக ரயிலிலேயே நாலைந்து மணி நேரம். வியாழக்கிழமை ரிகர்சலுக்கு எப்படி வருவாள்?

கோபம் வருகிறது. அவள் மேல் இல்லை. வேறு யார் மேல் என்றும் தெரியவில்லை.

ஜூலை 21, ஞாயிறு இரவு

முடிந்தது. ஆறு பாட்டு.

மூவரும் ஒரே அறையில், ஒருவரை ஒருவர் பார்த்தபடி வாசித்தோம். கிளிக் இல்லை. டிரம்ஸ் சத்தம் என் மைக்கில் ஒழுகுகிறது, பிறகு பிரிக்க முடியாது என்று எஞ்சினியர் இரண்டு முறை எச்சரித்தார். பிரிக்கப் போவதில்லை என்று அவனே சொன்னான். அவன் வாயிலிருந்து அது வந்தது!

படகுப் பாட்டுக்கு அவள் பையிலிருந்து ஒரு சின்ன வெண்கலத் தட்டை எடுத்தாள். சீன இசைநாடகத்தில் அடிக்கும் சிறிய லுவோ. ஹான்கோவில் வாங்கினாளாம். வூஹான் காலங்காலமாக லுவோ அடித்துச் செய்கிற ஊர், எங்களில் யாருக்கும் அதை வாங்கத் தோன்றியதில்லை. பெரிய லுவோவை அடித்தால் சுரம் கீழே இறங்கும். சிறியதை அடித்தால் மேலே வளையும். ம்யாவ் என்று ஏறும் அந்த ஓசை, மெட்டின் கடைசி சுரம் ஏறுகிற அதே இடத்தில் போய் நின்றது. ஒரு டேக்கில் இரண்டாவது சரணத்தைப் பாடாமலே விட்டோம். பேஸ், லுவோ, அவ்வளவுதான்.

ஆக இரண்டு டேக். ஒன்று வூஹான் வரிகளோடு, இன்னொன்று வரியே இல்லாமல். இரண்டும் நன்றாக இருக்கின்றன.

ஜூலை 28

சண்டை. மாண்டரினில் மறுபடி பாடி மேலே ஒட்டலாம் என்கிறான். மைக்குகள் ஒழுகுகிற ரெக்கார்டிங்கில் பழைய குரலை அழிக்க முடியாது என்பது அவனுக்கே தெரியும்.

ஜூலை 30

வாக்ஸில் முன்வரிசையில் நின்ற அந்தப் பெண்ணைப் பற்றி அவனிடம் சொன்னேன். கண்ணை மூடியிருந்ததால் அவன் பார்த்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 4

மௌனம். எனக்கு வேலையும் அதிகம்.

ஆகஸ்ட் 10, சனி

இன்று அந்த நிகழ்ச்சியின் இறுதி. 'நியூ பேன்ட்ஸ்' (புதுக் கால்சட்டை) குழு முதல் இடம். 1996-ல் ஆரம்பித்த பேண்டு, அம்மாவுக்குக் கூட இப்போது அவர்கள் பெயர் தெரியும். எங்கள் டிரம்மர் சாமான் கட்டிக்கொண்டே பார்த்தாள். டிரம்ஸ் அண்ணன் அறையிலேயே இருக்கும், சிம்பல்களை மட்டும் எடுத்துப் போகிறாள். லுவோவை என்னிடம் கொடுக்க வந்தாள், நான் வாங்கவில்லை. ஷென்ஷென்னில் அது அவளிடமே இருக்கட்டும். அக்டோபர் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவரட்டும்.

இரண்டு டேக்கையும் மறுபடி கேட்டேன். எனக்கு வரிகளோடு உள்ளதுதான் வேண்டும். அவளுக்கு வரியில்லாதது. நாளை காலை பத்து மணிக்குள் எஞ்சினியரிடம் எது என்று சொல்ல வேண்டும், அவளுடைய ரயில் பன்னிரண்டு மணிக்கு. எங்கள் மூவரின் சாட் குழுவில் இரண்டையும் போட்டுவிட்டேன். அவன் பார்த்துவிட்டான், இன்னும் பதில் போடவில்லை